பகல் தூக்கம்

நைட் ஷிப்ட் முடிந்து
இரும்பாலையிலிருந்து ஜாகீர் அம்மாபாளையம் வந்து
நாலு இட்லி தின்று
சுகந்தியின் பழைய புடவையை ஜன்னலுக்குக் கட்டிவிட்டுப்
படுத்துவிட்டேன்.
சனிக்கிழமை காலை ஏழேமுக்கால்.
எனக்கு இது நடுராத்திரி.

"அப்பா தூங்கறாங்க, கம்முனு இருக்கணும்"
என்று சுகந்தி ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.
அதை அமல்படுத்தும் பொறுப்பை
தன்ஷிகா எடுத்துக்கொண்டாள்.
வயது ஐந்தரை.
தம்பி காதில் அவள் சொல்லும் ரகசியம்
மூன்று வீடு தள்ளிக் கேட்கிறது:
"சத்தம் போட்டா அப்பா எந்திரிச்சிருவாங்க!"
"போட மாட்டேன்!" என்று கத்துகிறான் லோகித்.
"கத்தாதடா!"
"நான் கத்தலே!"
"அம்மா, இவன் கத்தறான்!"
யாரும் கத்தக்கூடாது என்று
அம்மா கத்துகிறாள்.

கிரேன் சைரனுக்கும்
தகடோடு தகடு உரசும் கூச்சலுக்கும் நடுவே
நின்ற வாக்கில் கண் அசந்தவன் நான்.
(சூப்பர்வைசரிடம் சொல்லிவிடாதீர்கள்.)
ஆனால் ஒரு பிள்ளை
அப்பா எழுந்துவிடக் கூடாதே என்று
நுனிக்காலில் நடக்கும் சத்தம் இருக்கிறதே,
அதுவும் கொலுசு போட்டுக்கொண்டு!
செவ்வாய்ப்பேட்டையில் மச்சான் வாங்கித் தந்தது.
முத்து நிறைய இருக்கட்டும் என்று
கேட்டு வாங்கினாராம்.
அவருக்கு என்றைக்கும் பகல் வேலை.

கதவில் ஏதோ தட்டும் ஓசை.
அறிவிப்புப் பலகை தயாராகிறது போலும்.
"அப்பா துங்குரார்."
நோட்டுத்தாளில் சிவப்பு கிரயான்.
சோற்றுப் பருக்கை தடவியும் ஒட்டவில்லையாம்,
ஆகவே சப்பாத்திக் கட்டையால்
அடித்து அடித்து ஒட்டுகிறாள்.

அப்புறம் அமைதி.

பெற்றவர்களுக்குத் தெரியும்,
எந்தச் சத்தத்தைவிடவும் பயங்கரம் அது.
மாவு டப்பாவா, மருந்துப் பெட்டியா,
என் செல்போன் தண்ணீர் வாளியிலா?
கண்ணை மூடியபடியே
வீடு முழுக்க ஒரு சுற்று சுற்றி வருகிறேன்.

கன்னத்தில் சூடாக ஒரு மூச்சு.
பிஸ்கட் வாசம்.
ஈர விரல்கள் இரண்டு
என் வலது இமையைத் தூக்குகின்றன,
உள்ளே ஆள் இருக்கிறதா என்று
கடை ஷட்டரைத் தூக்கிப் பார்ப்பதுபோல.
"அப்பா, தூங்கறியா?"
"ஆமாடா."
"செரி."
இமையைப் பத்திரமாக இறக்கிவிட்டுப் போகிறான்.
வெளியே அக்காவிடம் தகவல்:
"கேட்டேன். தூங்குதாம்."

போர்வைக்குள் நான் சிரித்ததில்
கட்டில் கிரீச்சிட்டது.
"பாரு, எழுப்பிட்டே!" என்று தொடங்கியது
அடுத்த யுத்தம்.

அடுத்த வாரம் பகல் ஷிப்ட்.
இரவு பத்தேகால்.
இரண்டும் ஒருவழியாகத் தூங்கியாயிற்று.
ஜங்ஷன் பக்கத்துத் தள்ளுவண்டியில்
மறைத்து வாங்கி வந்த தட்டுவடை செட் இரண்டு.
அடுப்படியில் விளக்குப் போடாமல்
பிரிட்ஜ் கதவை ஒரு விரற்கடை திறந்துவைத்து
நானும் சுகந்தியும் எதிரெதிரே
தரையில் உட்கார்ந்தோம்.

முதல் கடியில்
தெரு நாய் குரைத்தது.

கடிக்கவே கூடாது என்று முடிவாயிற்று.
வாயில் போட்டுக்கொண்டு
சட்னியில் அது தானாக ஊறி இளகட்டும் என்று
கன்னம் உப்பக் காத்திருந்தோம்.
திருமணமாகி ஏழு வருடம்.
இவ்வளவு நேரம் நாங்கள்
முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருந்தது
பெண் பார்க்கப் போன அன்றுகூட இல்லை.
அவள் மூக்கு விடைத்தது.
பீட்ரூட் துருவல் ஒன்று என் சட்டையில் வந்து ஒட்டியது.
புரையேறி, தலையில் தட்டி,
தட்டிய கையையே வாயில் பொத்தி

ஜல்.

வாசற்படியில் தன்ஷிகா.
முகமெல்லாம் முடி.
உதட்டில் விரல் வைத்து,
"உஷ்ஷ்… தம்பி தூங்கறான்"
என்றபடி மற்றக் கையை நீட்டினாள்.

அவள் பாவாடைக்குப் பின்னாலிருந்து
இன்னொரு குரல்:

"ஆமா, தூங்கறேன்.
எனக்கும் ஒண்ணு."